ஆளுக்கு ஐந்து நிமிடம்: ஆல்க்மார், ஹார்லெம் ஆர்கன் பார்க்கப் போன கதை (சண்டையும் உண்டு)

துருத்தி எழுதியது:

சொன்னபடி எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, இங்கே நெதர்லாந்தில் பைப் ஆர்கன் (குழாய்களுக்குள் காற்றை விட்டு ஒலிக்க வைக்கும் பெரிய வாத்தியம்) பித்துப் பிடித்தவர்கள் சேர்ந்து போகும் ஒருநாள் பயணத்தில் நானும் ஒட்டிக்கொண்டேன். மொத்தம் 23 பேர். என்னையும் சேர்த்து மூன்று பேரைத் தவிர எல்லாரும் பென்ஷன்காரர்கள். ஆளுக்கு ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு மூன்று நோட்டுப் புத்தகம், ஒரு ஜோடி ஷூ. ஷூ எதற்கு என்றால் பெடல், அதாவது காலால் வாசிக்கும் கட்டைகள், மிதிக்க. அடிப்பக்கம் மெல்லிய தோல், குதிகால் கொஞ்சம் தூக்கல். தெருவில் போட்டு வந்த ஷூவோடு பெடல் பக்கம் போனால் முறைக்கிறார்கள், ஒரு மணல் துகள் போதுமாம் மரத்தைக் கீறிவிட. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிற ஊர்க்காரன் நான் (எங்கள் பக்கம் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்), இங்கே கோயிலுக்குள் போய்ச் செருப்பை மாற்றுகிறார்கள்.

காலையில் ஆல்க்மார், புனித லாரன்ஸ் ஆலயம். அங்கே இரண்டு ஆர்கன். சின்னது 1511இல் யான் வான் கோவெலன்ஸ் செய்தது, நெதர்லாந்தில் இன்றும் வாசிக்கிற நிலையில் உள்ளவற்றில் இதுதான் பழையது. 1511 என்றால் நம் பக்கம் கிருஷ்ணதேவராயர் ஆட்சி. குருவிக் கூடு மாதிரி சுவரில் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு வாசிக்கக் கிடைக்கவில்லை, அந்த ஆலயத்து ஆர்கனிஸ்ட் வாசித்துக் காட்டினார். பெரிய சத்தமே இல்லை. ஆனால் ஒவ்வொரு குழாயும் வெறும் உயிரெழுத்தாக ஆரம்பிக்காமல் முன்னால் ஒரு மெய்யெழுத்தை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறது, "ஊ" இல்லை, "து". காற்று உள்ளே நுழைந்து குழாய் பேசத் தொடங்கும் அந்தக் கண நேரத் தடுமாற்றம். யூட்யூபில் எத்தனை முறை கேட்டாலும் இது பிடிபடவில்லை எனக்கு.

பெரிய ஆர்கன் 1639இலிருந்து 1646 வரை வான் ஹாகர்பேர் குடும்பம் கட்டியது. மூடி திறக்கும் இரண்டு பெரிய கதவுகள், அதில் சீசர் வான் எவர்டிங்கன் வரைந்த சவுல் ராஜாவின் வெற்றி ஊர்வலம். அப்புறம் 1723 முதல் 1725 வரை ஃப்ரான்ஸ் காஸ்பர் ஷ்னிட்கர் என்ற ஜெர்மன் கைவினைஞர் உள்ளே இருந்ததை எல்லாம் பிரித்து மாற்றிக் கட்டினார். அதற்காக ஊரில் நடந்த ரகளையைத்தான் எங்கள் குழுவில் ஒரு ரிட்டயர்ட் பள்ளி ஆசிரியர் ரயிலில் வரும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். நன்றாக இருந்த ஆர்கனைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம், அப்போதைய ஆர்கனிஸ்ட் ஹாவிங்கா ஒரு கட்சி. அவர் 1727இல் புத்தகமே போட்டார், எதிர்த்தரப்பும் அச்சடித்துப் பதில் கொடுத்தது. நம் இழைகளில் நடப்பதேதான், அவர்கள் காகிதச் செலவு செய்தார்கள்.

நாலு பேர் நடுவில் நழுவிச் சீஸ் சந்தை பார்க்கப் போய்விட்டு (வெள்ளிக்கிழமைகளில் நடக்கும்) ஆளுக்கு ஒரு கட்டியோடு வந்தார்கள். மிச்சப் பயணம் முழுக்க அந்த வாசனைதான்.

ஹார்லெம் கதை ராத்திரி.

கேள்விக்குறி எழுதியது:

அண்ணா, தப்பா நினைக்காதீங்க. என் கீபோர்டிலேயே சர்ச் ஆர்கன் என்று ஒரு டோன் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் வருகிறது. இதற்கு ஏன் ஆயிரக்கணக்கில் குழாய்?

பாளை_பேஸ் எழுதியது:

தம்பி, நீ அமுக்குகிறது ஆர்கனோட போட்டோ.

ஒரு குழாய்க்கு ஒரு சுரம், ஒரு குரல், அவ்வளவுதான் தெரியும். அதனால் ஒரு குரலுக்கு, அதாவது ஒரு ஸ்டாப்புக்கு, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழாய் வேண்டும். பத்து ஸ்டாப் என்றாலே ஐந்நூறு குழாயாகிவிடும். எட்டடி ஸ்டாப் என்றால் நீ அமுக்குகிற சுரமே வரும், நாலடி என்றால் ஒரு ஸ்தாயி மேலே, பதினாறடி என்றால் ஒரு ஸ்தாயி கீழே. அந்த அடிக்கணக்கு ஆகக் கீழே உள்ள குழாயின் நீளம். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதுதான் வாசிப்பவருடைய பாதி வேலை. சில குழாய் புல்லாங்குழல் ஜாதி, சில குழாய் நாதஸ்வரம் மாதிரி சீவாளி ஜாதி.

துருத்தி அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. அங்கே கால்வின் வழிப் புராட்டஸ்டன்ட் சபைதானே? ஆராதனையில் ஆர்கனே கூடாது என்றவர்கள் ஆயிற்றே. எப்படி உடைக்காமல் விட்டார்கள்?

சீவாளி எழுதியது:

என் பெயரைச் சொல்லித் தப்பாகச் சொன்னதால் வருகிறேன்.

நாதஸ்வரச் சீவாளி இரட்டை நாக்கு, இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். ஆர்கன் ரீட் குழாயில் ஒரே ஒரு பித்தளை நாக்கு, அது கீழே இருக்கிற சின்ன வாய்க்காலின் விளிம்பில் போய் அடிக்கும். கிளாரினெட் பக்கம் என்று சொல்லலாம். நம் ஆர்மோனியத்தில் நாக்கு எதிலும் அடிக்காது, சட்டத்துக்குள் போய்ப்போய் வரும். மூன்றும் மூன்று வேறு ஜாதி.

பயணம் போகிறவர்கள் கவனிக்க ஒன்று. ஆர்கன் பார்க்கக் கோடைதான் சரி. ஒரு டிகிரி ஏறினால் புல்லாங்குழல் ஜாதிக் குழாய்கள் சுமார் 3 சென்ட் ஏறிவிடும் (அரைச்சுரம் என்பது 100 சென்ட்), ரீட் அதோடு சேர்ந்து ஏறாது. குளிர்காலத்தில் ஆலயத்தில் ஆறு டிகிரி குறைந்தால் இரண்டும் தனித்தனியே நிற்கும், கேட்கிறவனுக்குப் பல் கூசும். ஜனங்கள் குளிருகிறது என்று ஹீட்டரைப் போட்டால் இன்னும் மோசம், காற்றுப் பெட்டியின் மரம் காய்ந்து வெடிக்கும்.

துருத்தி எழுதியது:

@பாளை_பேஸ், நல்ல கேள்வி. காரணம் பக்தி இல்லை, நகரசபை. ஆர்கன் சபையுடைய சொத்தாக இல்லாமல் நகரத்தின் சொத்தாக இருந்தது, ஆர்கனிஸ்டுக்குச் சம்பளமும் நகரசபைதான். ஆம்ஸ்டர்டாம் பழைய ஆலயத்தில் ஸ்வேலிங்க் என்ற ஆர்கனிஸ்ட் வாசித்தது இப்படித்தான். ஆராதனைக்கு முன்னும் பின்னும் ஊர் ஜனம் கேட்க வாசிப்பார், நடுவில் கிடையாது. 1621இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார், கல்லறையும் அங்கேயே. வடஜெர்மனியிலிருந்து பையன்களைப் படிக்க அனுப்பியது இவரிடம்தான். சபைக்குப் பிடிக்காத ஒன்றை முனிசிபாலிட்டி காப்பாற்றியிருக்கிறது, நம்புங்கள்.

சரி, ஹார்லெம்.

ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வழியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. பாவோ ஆலயத்துக்குள் தரை முழுக்கக் கல்லறைக் கல், ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸும் அதில் ஒருவர். மேற்குச் சுவரை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கிறது கிறிஸ்டியான் முல்லர் 1735இலிருந்து 1738 வரை கட்டிய ஆர்கன். மூன்று மேனுவல் (கையால் வாசிக்கும் கட்டை வரிசை), பெடல், 60க்கு மேல் ஸ்டாப், சுமார் 5,000 குழாய். உச்சியில் நகரத்துச் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சிங்கம். இசையமைப்பாளர் ஹாண்டல் வந்து பார்த்திருக்கிறார். 1766இல் பத்து வயது மொஸார்ட் ஏறி வாசித்திருக்கிறான், மேலே போகும் படிக்கட்டில் கைப்பிடியைத் தொடும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்து தொலைத்தது.

மேலே போனால் ஏமாற்றம் மாதிரி இருக்கும். வாசிக்கிற இடம் ஒரு மர அலமாரிக்குள் நுழைந்த மாதிரி. முதுகுக்குப் பின்னால் இன்னொரு சின்ன ஆர்கன் தொங்குகிறது, அது மறைப்பதால் கீழே ஒருவரும் தெரியாது. ஸ்டாப் குமிழ்கள் இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக இருக்கின்றன, கை எட்டாதவற்றை இழுக்க ஆள் நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் ஞாபகம், பட்டன், ஒன்றும் கிடையாது. கட்டையை அமுக்கினால் மெல்லிய மரக் கீற்றுகள் வழியாக அந்த இழுப்பு மேலே போய் எங்கோ ஒரு வால்வு திறக்கிறது, திறக்கும்போது ஒரு சின்னத் தடையை விரல் உணரும். கிணற்று வாளி தண்ணீரைத் தொடும்போது கயிற்றில் தெரியுமே, அது. இரண்டு மேனுவலைச் சேர்த்துப் பூட்டிவிட்டால் தடை இரட்டிப்பு, சுண்டுவிரல் அழுதுவிடும்.

32 அடிக் குழாய் பத்து மீட்டருக்குக் கிட்ட நீளம், முகப்பிலேயே நிற்கிறது. அடிச் சுரம் 16 ஹெர்ட்ஸ். காது அதைக் கேட்கிறது என்று சொல்ல மாட்டேன். டவுன் பஸ் நின்றபடி இன்ஜின் ஓடும்போது ஜன்னல் கம்பி அதிருமே, அந்த அதிர்வு செருப்புக்கு அடியில் கல்லறைக் கல்லில்.

இப்போது என் வயிற்றெரிச்சல். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பேச்சு. எங்கள் குழுவில் ஒருவர் (பெயர் வேண்டாம்) ஏறி உட்கார்ந்தார், டி மைனர் டொக்காட்டா என்ற ஆர்கன் இசையைத் தொடங்கினார், தப்பினார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், எல்லா ஸ்டாப்பையும் இழுக்கச் சொன்னார், மறுபடி தப்பினார். 22 நிமிடம். அது இசையமைப்பாளர் பாக் எழுதியதுதானா என்றே ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சந்தேகம், அதற்காக எங்கள் நேரம் போனது. கடைசியாக இருந்த ஆறு பேருக்கு மூன்று நிமிடமாகச் சுருங்கியது. அதில் நானும் ஒருவன்.

ஆல்டோ_அக்கா எழுதியது:

படித்தேன். கோபித்துக்கொள்ளாதே தம்பி, தப்பு அந்த 22 நிமிட மனிதர்மேல் இல்லை, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்ற ஏற்பாட்டின்மேலேயே. முன்னூறு வருஷப் பழைய வாத்தியத்தை 23 கற்றுக்குட்டிகள் வரிசையில் நின்று தொட்டுப் பார்க்க என்ன அவசியம்? எல்லாரும் எல்லா ஸ்டாப்பையும் இழுத்து ரேடியோ செட் போட்ட மாதிரி அலற விடுவார்கள். மனிதன் எதைத் தொட்டாலும் முதலில் வால்யூமைத்தான் தேடுவான். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் மேலே, மீதி 22 பேர் கீழே கண்ணை மூடி உட்காரட்டும். ஒவ்வொரு ஸ்டாப்பாகத் தனித்தனியே ஒரு மணி நேரம் காட்டினால் போதும், ஜென்மத்துக்கும் மறக்காது.

சென்னை எழும்பூர் கிர்க் ஆலயத்தில் ஒரு பைப் ஆர்கன் இருக்கிறது, 1883இல் வைத்தது, யார்க்ஷயரிலிருந்து வந்தது. சின்ன வயதில் அம்மா கூட்டிக்கொண்டு போனபோது தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதான், வாசித்ததில்லை. கேட்டது போதாதா?

லா_ஷப்பல் எழுதியது:

அக்கா சொல்லுறது பாதிதான் சரி. நான் பாரிசில் இருக்கிறேன். இங்கே சன் சுல்பீஸ் ஆலயத்தில் கவாயே கோல் என்ற ஆர்கன் செய்யிறவர் 1862இல் கட்டி முடிச்ச ஆர்கன், ஐந்து மேனுவல், நூறு ஸ்டாப். எத்தனையோ ஞாயிறு கீழே கதிரையில் இருந்து கேட்டிருக்கிறேன். ஒருநாள் மேலே ஏறிப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைச்சது. ஓர் உதவியாளர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம், நடுவில் வாசிக்கிறவர் கால் கை எல்லாம் ஓட, கப்பலின் இயந்திர அறைக்குள் நின்ற மாதிரி இருந்தது. கீழே தெய்வீகமாய்க் கேட்டது மேலே நாலு பேரின் வியர்வை. அதைக் கண்ட பிறகுதான் கீழே கேட்கிறதும் எனக்கு விளங்கியது. ஆகவே ஏறத்தான் வேணும்.

இன்னொரு பகிடி. அங்கே வீடோர் என்ற பெரிய ஆளை ஆர்கனிஸ்டாய் 1870இல் தற்காலிகமாய்த்தான் நியமிச்சவை. நிரந்தரம் பண்ணவேயில்லை. 1933 வரைக்கும் இருந்தார்.

பாளை_பேஸ் எழுதியது:

63 வருஷம் டெம்ப்ரவரி! எங்கள் ஆபீசில் இதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டப் போகிறேன்.

சீவாளி எழுதியது:

ஆல்டோ அக்காவுக்கு. தொட்டால் கெடும் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற சாமானுக்குச் சரி. ஆர்கன் வாசிக்காமல் கிடந்தால்தான் கெடும். தோல் இறுகும், வால்வு ஒட்டிக்கொள்ளும், குழாய் வாயில் தூசி அடைந்து பேச மறுக்கும். உங்கள் கற்றுக்குட்டிகள் 23 பேரும் வந்து எல்லாக் கட்டையையும் ஒருமுறை அமுக்கிவிட்டுப் போவது அதற்குப் பிசியோதெரபி.

ஹார்லெம் பற்றியும் ஒன்று. மொஸார்ட் கேட்டதைத்தான் கேட்டோம் என்று யாரும் கண்ணைத் துடைக்க வேண்டாம். 1959 முதல் 1961 வரை டென்மார்க்கின் மார்க்குசன் நிறுவனம் பெரிய அளவில் பழுதுபார்த்தது, அந்தக் காலத்து ரசனைப்படி. பழைய ஒலி மாறிப்போனது என்று வருந்துகிறவர்கள் அப்போதிருந்து இன்றுவரை இருக்கிறார்கள்.

ஆல்டோ_அக்கா எழுதியது:

பிசியோதெரபி பாயின்ட் ஒப்புக்கொள்கிறேன். ரேடியோ செட் பாயின்ட்டை விட மாட்டேன். துருத்தி, உன் மூன்று நிமிடத்தில் நீ என்ன வாசித்தாய் என்று சொல்லவே இல்லையே? நீயும் எல்லாவற்றையும் இழுத்தாயா?

துருத்தி எழுதியது:

அக்கா மாட்டிவிட்டீர்கள். இழுக்க வேண்டும் என்றுதான் ஏறினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சின்ன ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்துகிற இசை) தயார் செய்து வைத்திருந்தேன், மூன்று நிமிடத்தில் அது முடியாது. போதாததற்கு ஷூவைக் கீழே பையிலேயே விட்டுவிட்டேன், காலில் சாக்ஸ்தான். ஸ்டாப் இழுக்க நின்ற தாத்தா "என்ன வேண்டும்?" என்கிறார், பின்னால் ஐந்து பேர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மூளையில் ஒன்றும் வரவில்லை. "ப்ரெஸ்டான்ட் எட்டடி, அது ஒன்று மட்டும்" என்றேன். தாத்தா புருவத்தைத் தூக்கிவிட்டு ஒரே ஒரு குமிழை இழுத்தார். மற்றவர்கள் எல்லாம் முப்பது நாற்பது.

கை தானாகப் போனது ஊரில் காணிக்கை எடுத்து முடிந்ததும் எழுந்து நின்று பாடுவோமே, அந்த டாக்ஸாலஜி என்ற துதிப் பாட்டு. ஏழு வயதிலிருந்து சண்டே கிளாஸ் ஆர்மோனியத்தில் தட்டியது. முதல் வரியை வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினேன், இரண்டாம் வரி வாசிக்கும்போது ஆர்கனுக்குள் வேறு ஏதோ ஒலிக்கிறது. அங்கே வாக்ஸ் ஹுமானா என்று ஒரு ஸ்டாப் உண்டு, மனிதக் குரல் என்று அர்த்தம், அது எப்படியோ திறந்துகொண்டதாக்கும் என்று தாத்தாவைப் பார்த்தேன். அவர் வாய் அசைகிறது. கீழேயும் பாடுகிறார்கள்!

அது ஜெனீவா சங்கீதப் புத்தகத்தின் (பைபிளில் உள்ள சங்கீதப் பாடல்கள்) மெட்டு, 1551இல் வந்தது, அவர்களுக்கு அது 134ஆம் சங்கீதம். ஆங்கிலேயர் அதையே நூறாம் சங்கீதத்துக்கு எடுத்துக்கொண்டு, அப்படியே நம் ஊருக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு அன்றுவரை தெரியாது. என் ஊர்ப் பாட்டு என்று நினைத்து வாசித்தேன், அவர்கள் ஊர்ப் பாட்டாம்.

கஷ்டம் என்னவென்றால் அவர்கள் பாடுகிற வேகம். பழைய முறைக்காரர்கள் ஒவ்வொரு சுரத்தையும் ஒரே நீளத்தில், ஒரு மூச்சு முழுக்க இழுத்துப் பாடுவார்கள். நான் ஊர்ப் பழக்கத்தில் அடுத்த சுரத்துக்குப் போய்விட்டேன், கீழேயிருந்து முந்தைய சுரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆள் தெரியாது, சத்தம் வேறு அந்த ஆலயத்தின் மறுகோடிக்குப் போய்ச் சாவகாசமாகத் திரும்புகிறது. மூன்றாம் வரியில் அவர்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன், அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள் போல, இருவரும் ஒரு கணம் நின்றேவிட்டோம். பிறகு கீழே யாரோ ஒரு பெண்மணி தைரியமாக ஆரம்பித்தார், நான் பின்னால் போனேன். நாலாவது வரி மட்டும் உருப்படியாகச் சேர்ந்து முடிந்தது.

என் மூன்று நிமிடம் அதோடு சரி. ஃபியூக் பையிலேயே கிடந்தது.

பாளை_பேஸ் எழுதியது:

அண்ணாச்சி, நாங்கள் இங்கே அதே பாட்டை ஆர்கனிஸ்ட் ஒரு பக்கமும் சபை ஒரு பக்கமுமாகத்தான் வாராவாரம் பாடுகிறோம். ஒருமுறைகூட நாலாவது வரியில் சேர்ந்ததில்லை.

ஆல்டோ_அக்கா எழுதியது:

ஒரு ஸ்டாப் மட்டும். சரி, உனக்கு மட்டும் ஐந்து நிமிடம் கொடுக்கலாம்.

கேள்விக்குறி எழுதியது:

அண்ணா, டிசம்பரில் கம்பெனி வேலையாக ஆம்ஸ்டர்டாம் வருகிறேன். ஹார்லெம் போய்க் கேட்க முடியுமா? டிக்கெட் எவ்வளவு இருக்கும்?

துருத்தி எழுதியது:

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் டிசம்பர் சரிப்படாது, வாராந்திரக் கச்சேரி எல்லாம் கோடையில்தான், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடக்கும், அதற்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கேட்க மாட்டார்கள். சீவாளி சொன்ன குளிர்ப் பிரச்சினையும் இருக்கிறது. மேனேஜரிடம் பேசி ஜூலைக்கு மாற்றப் பார். மாற்றினால் சொல், நானும் வருகிறேன், வரும்போது நாகர்கோவில் சிப்ஸ் ஒரு கிலோ.